ஐந்திலிருந்து பதினொன்றுக்கு

வீரபாண்டிப் பிரிவு அரசு உயர்நிலைப் பள்ளி,
பத்தாம் வகுப்பு பி.
நான் வாய் திறக்குமுன்
பக்கத்து பனியன் கம்பெனி ஜெனரேட்டர் திறந்துவிடும்.
அதற்கு மேலே குரலை ஏற்றித்தான்
தினமும் ஐரோப்பாவுக்குப் போகிறேன்.

வரைபடம் பால்கன் மடிப்பில் கிழிந்துவிட்டது.
யாரோ டேப் ஒட்டியதில்
செர்பியா மட்டும் பளபளக்கிறது.

ஜெர்மனி எங்கே என்றால்
இவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை.
"எங்க கம்பெனி பையருங் டீச்சர்,
ஒரு நூல் நீட்டிட்டிருந்தாக் கூட லாட்டே ரிட்டன்."
பிரான்சுக்குக் கழுத்து இறக்கம்.
போலந்துக்கு எல்லாமே பெரிய சைஸ்.
இத்தாலிக்காரன் போன வருசப் பாக்கியை
இன்னும் தரவில்லை.
நேச நாடுகள், மைய நாடுகள் என்று
நான் பலகையை இரண்டாக்கியபோது
கடைசி பெஞ்சு வேறெங்கோ கோடு கிழித்துக்கொண்டது:
பணம் குடுத்தவன், குடுக்காதவன்.

இளவரசரின் கார் தப்பான தெருவில் திரும்பியது என்றேன்.
"டிரைவர் பேரென்னங்?" என்றான் நவநீதன்.
அவன் அப்பா ஓட்டுவது சின்ன யானை,
சாயப்பட்டறைக்கும் நிட்டிங்குக்கும் நடுவே.
புத்தகத்தில் இல்லை என்றேன்.
"இருக்காதுங். ஆனா
திட்டு பூரா அந்தாளுக்குத்தான் உழுந்திருக்கும்."

ஒருநாள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு
பதுங்குகுழியின் அகலத்தைக் காட்டினேன்.
நாற்பத்தொரு பேரும் அதற்குள் நின்றார்கள்.
சிரித்தார்கள், இடித்தார்கள், செருப்பை மிதித்தார்கள்.
நாலு வருசம் இப்படி, என்றேன்.
சிரிப்பு உடனே நிற்கவில்லை.
ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நின்றது.

இந்தியச் சிப்பாய்களும் பிரான்சுக்குப் போனார்கள் என்றதும்
லிப்சா பெஹரா கை தூக்கினாள்.
பாலாசோரிலிருந்து வந்து மூன்று வருடம்,
தமிழை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவள்.
"அவங்க சண்டைக்குப் போனாங்களா டீச்சர்,
வேலைக்குப் போனாங்களா?"

மாதம் பதினோரு ரூபாய் சம்பளம் என்றேன்.
தலையாட்டினாள்,
விடை கிடைத்துவிட்டது போல.

முடிவுக்கு வந்தோம்.
விடியக்காலை ஐந்து மணி சுமாருக்குக் கையெழுத்து.
பதினோரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓயும்.
பலகையின் மூலையில் எழுதினேன்:
காலை 5 – 11.
எழுதிவிட்டு
சுண்ணாம்புத் தூளை ஊதிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நடுவுல?" என்றாள் பிரகதி.

நடுவில் என்ன?

"அஞ்சு மணிக்கே முடிஞ்சிருச்சுன்னு
பெரியவங்களுக்குத் தெரியுமில்லீங்.
அப்புறமும் சுட்டாங்களா?"

சுட்டார்கள்.
அந்த ஒரு நாளில் மட்டும்
இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
"எங்கம்மாளுக்கும் அப்படித்தானுங்.
ஒன்றரை ஷிப்ட் முடிய அஞ்சு நிமிசம்.
அப்பத்தான் வெரல்ல ஊசி ஏறுச்சு.
அந்தப் பீசு அன்னைக்கு வேண்டாமாம்,
வண்டி முன்னாலயே கெளம்பிருச்சாம்.
சூப்பர்வைசருக்குத் தெரியும்.
பெல் அடிக்கட்டும்னு சும்மா இருந்திருக்கறாரு."

இதற்கு எத்தனை மதிப்பெண்?
இரண்டா, ஐந்தா?
பாடத்தின் பின்பக்கம் புரட்டினேன்,
அங்கே கோடிட்ட இடங்கள் மட்டுமே இருந்தன.

"இது பரீட்சைக்கு வராதும்மா" என்றேன்.
பதினேழு வருடமாக
நான் குனிந்துகொள்ளும் குழி அந்த வாக்கியம்.
பிரகதி உட்கார்ந்தாள்.
கோபமெல்லாம் இல்லை.
ஸ்கேல் வைத்து அடியில் கோடு போட்டு
தேதியை எழுதிக்கொண்டாள்.

மணி அடித்தது.
பலகையை அழிக்காமல் வந்துவிட்டேன்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில்
கணக்கு சார் டிபன் பாக்சைத் திறந்துகொண்டே கேட்டார்:
"பத்து பி-யில மூலைல
அஞ்சு, கழித்தல் குறி, பதினொண்ணுன்னு கெடந்துதுங் மேடம்.
ஆறுன்னு எழுதலாம்னு போனேன்,
புள்ளைங்க அத்தனை பேரும் வேண்டாம்னு கத்தறாங்க.
யார் கணக்குங் அது,
பாதீல விட்டுட்டுப் போனது?"